செம்மண் ஒட்டிய காலணிகள்

கிரேக்க உள்நாட்டுப் போரின்போது எங்கள் எப்பிரஸ் மலைப்பக்கத்தில் ஓர் ஊரையே கொளுத்திய மேஜரை யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அன்று மதியமே ஐந்து பேரைச் சர்ச் சுவரோரம் நிறுத்தினார் கேப்டன் திமோஸ்.

"கொன்னவன் செம்மண் மேட்டு வழியாத்தான் ஓடினான். அவன் காலணியில செம்மண் இருக்கும். உங்க காலணியிலயும் இருக்கு. அப்போ நீங்கதான் கொன்னீங்க!"

"அது செல்லாது, கேப்டன்," என்றார் ஐவரில் ஒருவரான பள்ளி ஆசிரியர் ஃபோதிஸ்.

துப்பாக்கிக் கட்டை அவர் வாயில் இறங்கியது. இரண்டு பற்கள் தெறித்தன. ரத்தத்தைத் துப்பிவிட்டு அவர் தொடர்ந்தார்.

"ஆடு எல்லாம் புல்லு திங்கும். உங்க குதிரையும் புல்லு திங்குது. அப்போ நீங்க ஆட்டு மேலயா ஏறி வந்தீங்க?"

சிப்பாய் ஒருவன் சிரித்துவிட்டான். அவனுக்கு ஓர் அறை விழுந்தது.

"செங்கல் சூளையில வேலை செய்யறவன் கால்லயும் அதே மண்ணுதான். நீங்க வக்கீலா இருந்தவர். இதைச் சொல்லி கோர்ட்டுல ஜெயிப்பீங்களா?"

துப்பாக்கிகளை இறக்கும்படி கேப்டன் கைகாட்டினார். பிறகு, "ஓடிப் போங்கடா!" என்று கத்தினார்.

வீட்டில் ஃபோதிஸின் வாயைத் துடைத்தபடி மனைவி கல்லியோப்பி அழுதாள்.

"நான் கொல்லலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பல்லாவது மிஞ்சியிருக்குமே!"

"அதை எப்படிச் சொல்றது, கல்லியோப்பி? மத்த நாலு பேரும் ஒண்ணும் அறியாதவங்க. ஆனா என் விஷயத்துல, கேப்டன் யோசிச்ச விதம்தான் தப்பு. முடிவு சரிதான்."