காய்த்த கை

“இன்னாய்யா கை இது, இட்லி மாதிரி மெத்துன்னு கீது? போ, போ!”

துறைமுக வாசலில் மேஸ்திரி ஆறுமுகநயினார் சுப்பராயனின் உள்ளங்கையை அமுக்கிப் பார்த்துவிட்டு ஒதுக்கினார். கை காய்த்தவன்தான் மூட்டை தூக்குவான் என்பது அவர் கணக்கு. அப்படிப்பட்டவனுக்கே அன்றைய வேலைக்கான பித்தளை வில்லை. மற்றவன் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

“சண்டைக் காலத்துல நானும் இங்க மூட்டை தூக்கினவன்தான் மேஸ்திரி! சண்டை முடிஞ்சுது, கப்பல் நின்னுது, வேலையும் பூட்ச்சு. சும்மா குந்திகினு இருந்தா கை எப்டி காய்க்கும்?”

“அத்த என்னாண்ட கேட்டா? இப்ப கப்பல் மேல கப்பலா வந்துகினு கீது. எனக்கு ஆள் வோணும், கதை வாணாம்.”

நல்ல நியாயம்! வேலை கிடைக்கக் கை காய்க்க வேண்டுமாம். கை காய்க்க வேலைக்கு எங்கே போவது?

வீட்டில் அவன் மனைவி பூமாரி சிரித்தேவிட்டாள்.

“இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிகினு கீற? விறகுத் தொட்டில போயி சும்மாவே விறகு பொளயேன், கை தானா காய்க்கும். அதுவரைக்கும் நான் மீன் வித்து ஓட்டறேன். ஆனா தை மாசம் புள்ள பொறந்துடும். அதுக்குள்ள நீ வேலைல பூந்துடணும், சொல்ட்டேன்!”

விறகு விற்கும் தொட்டிக்காரர் தவசிமுத்து தெற்கத்திக்காரர். கூலியே வேண்டாம் என்றதும் அவருக்கு வாயெல்லாம் பல்.

“அதுக்கென்ன, நாளையில இருந்து வாரும். கோடாலி நான் தாரேன்.”

மழைக்காலம் முழுக்கச் சுப்பராயன் பிளந்து தள்ளினான். கை கொப்பளித்தது, உடைந்தது, எரிந்தது. தை பிறந்தபோது உள்ளங்கை செருப்புத் தோலாகியிருந்தது.

“அட்றா சக்கை! இது கை!” என்று மேஸ்திரி வில்லையை எடுத்து நீட்டினார். சுப்பராயனுக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது.

அடுத்து நின்றவனின் கையையும் மேஸ்திரி அமுக்கினார். “ஊஹூம், மெத்துன்னு கீது. போ, போ!”

சுப்பராயனுக்குப் பாவமாகிவிட்டது. ஓடிப்போய் அவன் தோளைத் தொட்டான்.

“தோஸ்து, மனச வுடாத. எனக்கும் இப்டித்தான் ஆச்சு. தவசிமுத்து விறகுத் தொட்டிக்குப் போ. கூலி கேக்காத, சும்மா பொளந்துகினே இரு. கை ஜோரா காய்ச்சிடும்.”

அவன் சிரித்தான்.

“அங்க ரெண்டு வருசமா கூலிக்கு விறகு பொளந்தவனே நான்தான் நைனா! எவனோ ஒருத்தன் சும்மாவே பொளக்க வந்துட்டான்னு மழைக்கு முன்னாடியே என்னை நிறுத்திட்டாரு.”