சுகந்தியின் அசல் குரல்

லோகேஷ் எழுந்து பல் துலக்கினான். ஒரு தம்ளர் காப்பி போட்டுக் குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பஸ் பிடித்து வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவுக்குப் போனான்.

அன்று அவன் கேட்ட முதல் ஒலிப்பதிவில் பேசியது அவன் மனைவி சுகந்தி. அவள் விபத்தில் இறந்து ஒரு வருடமாகிறது. இதே வங்கியின் வாடிக்கையாளர் சேவையில் இருந்தவள். அந்தப் பழைய அழைப்புகளிலிருந்து யாரோ அவள் குரலைத் திருடி, கணினியில் பேசவைத்து ஆட்களை ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பிட்டீங்களா? நீங்க சாப்பிட்டாத்தான் நானும் சாப்பிடுவேன்" என்று குரல் குழைந்தது. அவனிடம் அவள் ஒருநாளும் அப்படிக் குழைந்ததில்லை.

அந்தக் குரலிடம் பணத்தைப் பறிகொடுத்த பொள்ளாச்சி முருகவேலை அழைத்து எச்சரித்தான்.

"திருட்டுக் குரல்னு தெரியுமுங்க தம்பி. எங்கூட்ல வேற யாருங்க என்னைச் சாப்டியான்னு கேக்கறா? அந்தப் புள்ளைய மட்டும் நிறுத்தீராதீங்க."

"அது என் பொண்டாட்டி குரலுங்க."

"அப்படீங்களா" என்று சிரித்தார் அவர். "குடுத்து வெச்சவருங்க நீங்க."

குரலை முடக்க, போலியைப் பிரித்தறியும் இயந்திரத்துக்குத் திருடர்களிடம் இல்லாத அசல் பதிவு ஒன்று வேண்டும். விபத்தன்று மாலை அவள் அனுப்பிய குரல் செய்தி அவன் போனில் இருந்தது. அதை அவன் யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. முருகவேலின் சிரிப்பை நினைத்துக்கொண்டு போனை இயந்திரத்தில் செருகினான். அறை முழுக்கக் கேட்டது.

"வரும்போது மாவு வாங்கிட்டு வா. போன தடவை மாதிரி புளிச்சதைத் தூக்கிட்டு வந்துறாதே."