அரை ஆம்பியர் அண்ணி

“வேற சார்ஜரா? வேண்டாம் சார். மாட்டினா வெடிச்சிடுமாம் சார்.”

அண்ணி தன் போனில் இப்படிச் சொன்னதைக் கேட்டு வக்கீலுக்கு மானம் போயிற்று. மறுமுனையில் இருந்தவர் அண்ணனுடைய மேலாளர்.

வக்கீல் என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். நின்றால் ஒரு வாதம், உட்கார்ந்தால் ஒரு வாதம் என்பதால் ஒட்டிக்கொண்டது. படிப்பதென்னவோ மின்பொறியியல். விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அண்ணனுக்குச் சரக்கு லாரிகளை அனுப்பும் கம்பெனியில் வேலை. பகல் முழுக்கப் பேசிப் பேசி, சாயங்காலம் செத்துப்போன போனோடுதான் வீட்டுக்கு வருவான். அதை வாசலிலேயே வாங்கி, அடுப்படி அலமாரியில், தீப்பெட்டி அளவு சார்ஜர் ஒன்றில் மாட்டிவிடுவாள் அண்ணி. நடுவில் எடுக்கக் கூடாதாம், ஆன் பண்ணவும் கூடாதாம், பேட்டரி கெட்டுவிடுமாம். அது பிழைத்து எழுவதற்குள் எல்லாரும் சாப்பிட்டு முடித்து, குழந்தையும் தூங்கியிருக்கும்.

இது பதவி உயர்வு வருகிற நேரம். சாயங்காலம் ஆளைப் பிடிக்க முடியவில்லை, அது ஒன்றுதான் குறை என்று மேலாளர் அண்ணன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாராம். இப்படியே போனால் அந்த நாற்காலி வேறொருவனுக்கு.

அண்ணன் என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்த்தாள். மகளோடு தரையில் உட்கார்ந்து, செருப்புப் பெட்டியில் கத்தரிக்கோலால் ஜன்னல் வெட்டிக்கொண்டிருந்தான். மேலாளர் கூப்பிட்டதே காதில் விழாதவன் மாதிரி.

வக்கீல் தன் சார்ஜரையும் அண்ணியின் சார்ஜரையும் மேஜைமேல் வைத்து, பொடி எழுத்தைப் படித்துக் காட்டினாள். ரெண்டிலும் வோல்ட் அஞ்சுதான். ஒத்துப்போக வேண்டியது அதுதான். அது போன் தாங்குவதற்கு மேலே போனால்தான் ஆபத்து. ஆம்பியர் இதில் அரை, அதில் மூணு. கூட இருந்தால் தப்பே இல்லை, போன் தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும்.

“ஆறு மடங்கு ஆச்சே. ஒரேயடியா பாயாதா?” என்றாள் அண்ணி.

“மாடித் தொட்டி பெரிசா இருக்குன்னு கீழ டம்ளர் வெடிச்சிடுமா அண்ணி? நாம குழாயை எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவுதானே வரும்.”

“வெடிக்காது. வழியுமில்ல?”

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது வக்கீலுக்கு. பட்டம் வாங்கியவள் பேசுகிற பேச்சா இது? இந்தக் காலத்திலும் பெண்கள் இப்படி ஒன்றும் தெரியாதவர்களாகவே இருக்கப் பிடிவாதம் பிடித்தால் யார்தான் என்ன செய்ய முடியும்? அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

“உங்க பயத்துக்கு அண்ணன் வேலையைக் காவு கொடுக்கணுமா?”

அண்ணியின் முகம் சுருங்கியது. அண்ணன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணி அவனைப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

பயந்தாங்கொள்ளி, என்று அண்ணனையும் சேர்த்து மனசுக்குள் திட்டினாள் வக்கீல்.

மறுநாள் அவளே வாசலில் காத்திருந்தாள். அண்ணன் செருப்பைக் கழற்றுவதற்குள் போனைப் பிடுங்கி, கூடத்திலேயே தன் சார்ஜரில் மாட்டினாள். அவன் முகம் கழுவிவிட்டு வந்து, மகளோடு அட்டை வீட்டுக்குக் கதவு வரைய உட்கார்ந்தான். கோடு போட்டு முடிக்கவில்லை, போன் கண்ணைத் திறந்தது. அடுத்த நிமிஷமே மணி அடித்தது.

மேலாளர்தான். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். அதைச் சொல்வதற்கென்றே ராத்திரி ஷிப்ட்டில் ஓர் ஆள் இருக்கிறான், ஆனாலும் அண்ணன்தான் சொல்ல வேண்டுமாம். பேசி வைத்தான். மறுபடி அடித்தது. அதற்கப்புறம் போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிக்கொண்டு பால்கனிக்கே போய்விட்டான். குழந்தை அட்டை வீட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய், “அப்பா, கதவு?” என்றது. ஒரு விரலைக் காட்டினான்.

அந்த விரலோடேயே உள்ளே வந்து, கழற்றிப் போட்ட சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டான். ஆபீசுக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வந்துவிடுவதாகச் சொன்னான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“பாத்தீங்களா அண்ணி, வெடிச்சுதா?” என்றாள் வக்கீல். ஜெயித்துவிட்ட வேகத்தில் குழந்தை அழ ஆரம்பித்ததை அவள் கவனிக்கவில்லை.

“வெடிக்கலைம்மா.” அண்ணி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

வக்கீல் நேராக அடுப்படிக்குப் போனாள். தீப்பெட்டி சார்ஜரைப் பிடுங்கிக் குப்பைக்கூடையின் மூடியைத் திறந்தாள். பின்னாலிருந்து அண்ணியின் கை வந்து அவள் கையைப் பிடித்தது. வெடிக்குமா வழியுமா என்று கேட்ட குரலே இல்லை இப்போது.

“போட்டுடாதே. நாலு கடை ஏறி இறங்கி, இருக்கிறதிலேயே மெதுவா ஏத்துற சார்ஜர் எதுன்னு கேட்டு வாங்கிட்டு வந்தது உங்கண்ணன்தான். பொண்டாட்டி பயப்படுறான்னு ஆபீஸ்ல சொல்லிக்கோங்கன்னு என் பேரை மட்டும்தான் நான் கொடுத்தேன்.”