முப்பத்தாறு சொல்

"வீட்ல இவன்கிட்ட யாரு பேசறது?"

டாக்டர் கேட்டதும் அவள் வாயைத் திறந்தாள். கணவன் முந்திக்கொண்டான்.

"ஒன்லி இங்கிலீஷ், டாக்டர். ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க."

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆறு மாதமாக அதில் நல்ல பழக்கம்.

மடியில் பரிதி. இரண்டரை வயது. இன்னும் அம்மா என்றுகூடச் சொன்னதில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று இப்போதுதான் சோதித்துச் சொல்லியிருந்தார்கள்.

காரணம் சொல்லாத ஆள் பாக்கியில்லை. செல்போன் என்றார்கள். டிவி என்றார்கள். நாக்கில் வசம்பு தடவாத குறை என்றாள் மாமியார். ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்றார் மாமனார். உங்க வீட்டு ஆளுகளே ஊமைக்கோட்டான்தானே என்றான் கணவன், சிரித்துக்கொண்டே.

பிளே ஸ்கூல் மிஸ் மட்டும் காரணத்தோடு மருந்தும் சொன்னாள். இரண்டு பாஷை பிள்ளையைக் குழப்புகிறதாம். தமிழை நிறுத்தவேண்டுமாம்.

நிறுத்தினாள்.

அவள் படித்தது பத்தாவது, அதுவும் தமிழில். கணவன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். கம். சிட். ஈட். நோ. மொத்தம் முப்பத்தாறு.

மற்ற நேரமெல்லாம் அந்த வீட்டில் குக்கர்தான் பேசியது.

பிள்ளை விழுந்து அழுதால் தரையை நாலு அடி அடித்து, "என் தங்கத்தையா தள்ளிவிட்ட?" என்று திட்டவேண்டாமா? அதற்குத் தாளில் சொல் இல்லை. பேசாமல் தூக்கினாள். பேசாமல் தட்டிக்கொடுத்தாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இந்தமுறை அவளைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க பேசறதே இல்லையாம்மா?"

கோபம் வந்தது. மிஸ் மேல் வந்தது, கணவன் மேல் வந்தது. எல்லாரையும்விட, சொன்னதைக் கேட்டு நடந்த தன்மேல் வந்தது.

"நிறுத்திட்டேன் சார். இனிமே பேசுவேன். தமிழ்லதான் பேசுவேன்."

கணவன் அவள் காலை மிதித்தான். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏற மறுத்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாலையோரமாக வெயிலில் நடந்தாள்.

"அந்தா பார்றா, கரும்பு மிஷினு. கடிச்சு எப்படித் துப்புது பாரு. இந்த மாட்டுக்கு இருக்கிற கொழுப்பைப் பாரு, பஸ்ஸை மறிச்சுப் படுத்திருக்கு. டிரைவர் மாமா கத்துறாரு. அது காதுல வாங்குதா? வாங்காது. நாமளும் வாங்கக்கூடாது."

கணவன் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தான்.

"மானத்த வாங்காத. மெதுவாப் பேசு."

அவள் இன்னும் சத்தமாகப் பேசினாள். பூக்கடை, செருப்புக்கடை, சுவரில் சிரிக்கிற வேட்பாளர், ஒருவரையும் விடவில்லை. ஆறு மாதத்துப் பேச்சு. தொண்டை வறண்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. அதையும் பிள்ளையிடம் சொன்னாள்.

மூச்சு வாங்கக் கொஞ்சம் பேச்சை நிறுத்தினாள்.

பரிதி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். காத்திருந்தான்.

பிறகு இரண்டு விரலால் அவள் கீழுதட்டைப் பிடித்து இழுத்தான்.