எல்லாம் நல்லா இருக்கு

"நல்லா இருக்கு" என்றார் பெரியவர், புகை காட்டிய சீஸை விழுங்கிவிட்டு.

சீஸ்காரி கத்தியைத் துடைத்தாள். போன வாரமும் இதே பதில்தான். அதற்கு முந்தின வாரமும்.

சந்தை கலையும் நேரம். பக்கத்துப் பூக்கடைக்காரர் வாளிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். விடியுமுன் பால் கறந்து, நிலவறையில் சீஸ் வட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, உப்புத் தண்ணீரில் துடைத்து வைத்துவிட்டு வந்தவள் அவள். புருஷன் முதுகு பிடித்துப் படுத்ததிலிருந்து எல்லாம் அவள் தலையில்தான். தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டோம் என்று நின்றுகொண்டே இருந்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் இந்தத் தம்பதி வருவார்கள்.

அந்த அம்மா ஒவ்வொன்றாகக் கைகாட்டுவார். சீஸ்காரி ஒரு துண்டு சீவி நீட்டுவாள். பெரியவர் மெல்லுவார். அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் "நல்லா இருக்கு" என்பார். உடனே அந்த அம்மாவின் கை அடுத்ததைக் காட்டும்.

ஒரு சிரிப்பு கிடையாது. கடைசியில் ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு போவார்கள். எது என்பதில் இருவருக்குமே அக்கறை இருந்ததில்லை.

மனதுக்குள் பெரியவருக்குத் தலையாட்டி என்று பெயர் வைத்திருந்தாள்.

நாக்கு என்றால் ஒரு பக்கமாவது சாய வேண்டாமா? ரொட்டிக்கடைக்காரருக்கு மிளகில் உருட்டியதுதான் வேண்டும். கணக்கு வாத்தியார் கல் மாதிரி இறுகியதைத்தான் கேட்பார். பல்லுக்கு வேலை இருக்க வேண்டுமாம். தையல்காரிக்கு நீலப் பூஞ்சை ஓடியது. அதை வீட்டுக்குள் கொண்டுவராதே என்று அவள் புருஷன் சண்டை போடுவதால், கடையிலேயே நின்று தின்றுவிட்டுப் போவாள். சீஸ்காரிக்கே, துணியிலிருந்து அவிழ்த்த இளஞ்சூட்டில் ஒரு சிட்டிகை உப்போடு தின்றால்தான் சீஸ். மற்றதெல்லாம் பிழைப்பு.

எதைக் கொடுத்தாலும் தலையாட்டுகிறவரிடம் என்ன பேசுவது?

"அடுத்தது?" என்றார் அந்த அம்மா, அலுத்த குரலில்.

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கிவைத்த எரிச்சல் சீஸ்காரிக்குத் தலைக்கேறியது.

மேசைக்கு அடியில் ஒரு டப்பா இருந்தது. நிலவறை மூலையில் மறந்துபோன ஆட்டுப்பால் சீஸ். ஈரத்தில் முற்றி, தோல் பிசுபிசுத்து, மூடியைத் திறந்தாலே கண் எரியும். தின்றால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, மனசுக்குத்தான் ஆகும். குப்பைக்கென்று எடுத்துவைத்ததை மற்றவற்றோடு தவறுதலாக ஏற்றி வந்திருந்தாள்.

அதில் ஒரு துண்டு வெட்டி நீட்டினாள். இதையும் நல்லா இருக்கு என்று சொல்லட்டும், பார்க்கலாம்.

பெரியவர் வாயில் போட்டார். மென்றார்.

மெல்லுவது நின்றது.

முகம் ஒரு பக்கமாகக் கோணியது. கைக்குட்டையைத் தேடி, கிடைக்காமல், உள்ளங்கையிலேயே துப்பினார்.

"சே! என்னம்மா கண்றாவி இது? ஆட்டுக் கொட்டகைய நக்கின மாதிரி இருக்கு!"

பூக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். சீஸ்காரி கூனிக்குறுகிப் போனாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

அதற்குள் அந்த அம்மா கணவரின் கையைப் பிடித்துவிட்டார். அவருடைய கூடை கீழே விழுந்து உருண்டது.

"என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க."

"ஆட்டுக் கொட்டகை..." என்றவர், தன் உள்ளங்கையைப் பார்த்தார். குரல் இறங்கியது. "கசக்குதுடி. உப்புக் கரிக்குது."

அந்த அம்மா அங்கிருந்த காலிப் பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"தொண்டையில புத்துக்கட்டி வந்து ஆஸ்பத்திரியில கரண்டு வச்சாங்கம்மா" என்றார் சீஸ்காரியிடம். "அதோட நாக்கு செத்துப்போச்சு. ருசி திரும்ப வரலாம், வராமலும் போகலாம்னுட்டாங்க. காப்பிக் கடை, மிட்டாய்க் கடைன்னு இவர இழுத்துக்கிட்டு அலையறேன். எங்க போனாலும் நல்லா இருக்கும்பார். எனக்காகச் சொல்றார்னு எனக்குத் தெரியாதா?"

பெரியவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் கூடையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

சீஸ்காரி அவசரமாக டப்பாவை மூடப் போனாள். அவர் கை நீட்டித் தடுத்தார்.

"இருக்கட்டும். இன்னொரு துண்டு குடும்மா."

வெட்டிக் கொடுத்தாள்.

"சகிக்கல" என்றார், கண்களை மூடிக்கொண்டு.

இந்த முறை துப்பவில்லை. மென்றுகொண்டே இருந்தார்.