மீன் ஓடிவிடும்

"இதுவும் வேண்டாம்."

கணவர் போனைத் திருப்பிக் கொடுத்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதுல என்ன குறைச்சல்? காட்டுக்குள்ள காட்டேஜ். பக்கத்துல அருவி. சாயங்காலம் ஆனா பாட்டு, ஆட்டம்…"

"அதான் குறைச்சல். காடு இருக்கணும், ஏரி இருக்கணும், ஏரியில மீன் இருக்கணும். வேற ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது."

"அப்பாவுக்காகப் போறோம்னு சொன்னீங்களே!"

"அவருக்காகத்தான். மாமாவுக்குப் பிடிக்கும், நீ வேணும்னா பாரு."

அடித்துச் சொன்னார். அப்பா தன் ஆயுளில் தூண்டிலைத் தொட்டதே இல்லை.

அப்பா ஏலக்காரர். ஏலக்கூடத்தில் அவர் குரல் எழுந்தால் தெருமுனை வரை கேட்கும். அவருக்கு இப்போது காது போய்விட்டது. மிஷின் வாங்கிக் கொடுத்தும் பயனில்லை. நாலு பேர் சேர்ந்து பேசினால் அதில் ஒரே இரைச்சல். கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். "என்ன, என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், இப்போது கேட்பதையும் விட்டுவிட்டார். தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவார்.

போன வாரம், "எனக்குத் தனியா ஒரு ரூம் பார்த்துக் கொடும்மா. போயிடறேன்" என்றார்.

அவளுக்குத் தூக்கம் போயிற்று. நாலு பேர் சிரித்துப் பேசும் இடத்துக்கு அழைத்துப் போனால் மனம் மாறுவார் என்று நினைத்தாள். இவரோ மீனைக் கட்டிக்கொண்டு அழுகிறார்!

கடைசியில் அவர் பிடிவாதம்தான் ஜெயித்தது. ஏரிக்கரையில் ஒற்றை மர வீடு. வாசற்படியில் உட்கார்ந்தே தூண்டில் போடலாம்.

அவள் தம்பியும் கூட வந்திருந்தான். ஓயாமல் பேசுவதால் வீட்டில் அவனுக்கு 'ரேடியோ' என்று பேர். வண்டியை விட்டு இறங்கியதுமே ஆரம்பித்தான்.

"ஆகா, அக்கா! என்ன காத்து, என்ன…"

"உஸ்!" என்றார் கணவர். "சத்தம் போட்டா மீன் ஓடிடும். இங்க இருக்கிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எதுவானாலும் கையால சொல்லுங்க."

"அத்தான், இது டூரா, பரீட்சை ஹாலா?"

"மூடுடா மச்சான்."

அவள் அவரைத் தனியே இழுத்தாள். "மனுஷன் பேச்சுத் துணை இல்லாம வாடிக் கிடக்கார். நீங்க மீனுக்குக் காவல் இருக்கீங்களா?"

அதற்கும் உதட்டில் விரல் வைத்தார். கல்நெஞ்சக்காரர் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டாள்.

ரேடியோவுக்கு முதலில் டீ வேண்டியிருந்தது. உயரத்திலிருந்து ஊற்றுவது போல் கையை ஆட்டிக் காட்டினான். அவள் துண்டை எடுத்து நீட்டி, குளியலறைப் பக்கம் கை காட்டினாள்.

அப்பா குபீரென்று சிரித்தார். எழுந்துபோய் டீயைக் கொண்டுவந்து மகன் கையில் கொடுத்தார்.

ஏலத்தில் எவன் புருவம் அசைந்தாலும் கண்டுபிடித்து விலை ஏற்றிய மனுஷன்! யார் எந்த விரலை மடக்கினாலும் அவருக்குப் புரிந்தது. மற்றவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் முகத்தைப் பார்த்து, 'என்ன? என்ன?' என்று கையை விரித்தார்கள்.

சாயங்காலம் அகப்பட்ட மீனை உயர்த்திப் பிடித்து, கத்தியையும் காட்டி, சுத்தம் செய்யும் வேலையை ஏலம் விட்டார் அப்பா. ரேடியோ தெரியாத்தனமாக மூக்கைச் சொறிந்தான். அப்பா மேஜையை ஓங்கித் தட்டினார்! ஏலம் முடிந்தது. வேலை அவன் தலையில்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். அன்று இரவு அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போகவில்லை.

ஊருக்குக் கிளம்பும் காலையில், 'ரூம் பார்க்கட்டுமா?' என்று தயங்கித் தயங்கிக் கையால் கேட்டாள். அப்பா ஏலத்திலிருந்து பொருளை விலக்குவது போல் கையை வீசினார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வீட்டுக்குப் போக முதல் ஆளாக வண்டியில் ஏறினார்.

அந்த நேரம் பார்த்து வீட்டுச் சாவியை வாங்க வாட்ச்மேன் வந்தார். தடதடவென்று மோட்டார் படகில், தொண்டை கிழியப் பாடிக்கொண்டு. படகை நிறுத்தி, பாட்டை நிறுத்தாமலே தூண்டில் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மீன்கள் துள்ளிக்கொண்டு வந்தன.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "என்னங்க, அந்த ஆள் போடற சத்தத்துக்கு ஒரு மீன்கூட ஓடலையே?"

தூண்டில் நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "மீன் எதுக்கு ஓடுது? நம்ம சத்தத்துக்கு ஓடிப்போனது உங்கப்பாதானே."