கடைசிக் குழாய்

இன்னும் பத்து நிமிடத்தில் கடைசிக் குழாயை மூடிவிட்டால், இந்தக் காட்டில் வேலை முடிந்தது.

அந்தப் பத்து நிமிடம் நகரவே கூடாது என்றிருந்தது சுகாசினிக்கு.

வெயில் ஏற ஏற மரங்கள் சில ரசாயன ஆவிகளைத் தாமாகவே காற்றில் விடும். எந்த மரம் எவ்வளவு விடுகிறது என்று, வாலாஜாபாத்தைத் தாண்டிய காப்புக்காட்டில் மூன்று மாதமாக நான்கு பெண்கள் அளந்துகொண்டிருந்தார்கள். கிளையை ஒரு பையால் மூடிக் கட்டி, பம்ப் வைத்து, உள்ளே இருக்கும் காற்றை விரல் நீளக் குழாய்க்குள் இழுக்க வேண்டும்.

குழாய் போய்ச் சேரும் ஆய்வகத்து எந்திரத்துக்கு எந்த வாசனை என்றாலும் மூக்கில் வியர்த்துவிடும். அதனால் பூ கூடாது. பவுடர் கூடாது. ஒட்டுப்பொட்டின் பசைகூடக் கூடாது.

துளசிக்குக் கல்யாணமாகி நான்கு மாதம்தான். தினமும் காட்டு முனையில் பொட்டை எடுத்து ஜீப் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, முனகிக்கொண்டே பூவைக் கழற்றுவாள். ஜெயப்ரியாவும் அப்படித்தான்.

கூரத்திலிருந்து வரும் சுகாசினி மட்டும் வீட்டிலேயே இரண்டும் இல்லாமல் புறப்பட்டு வந்தாள்.

“இவளப் பாத்துக் கத்துக்கோங்கமா. ரூல்ஸ்னா ரூல்ஸ்,” என்று மெச்சுவாள் குழுத்தலைவி கமலவேணி.

மதியம் நால்வரும் வட்டமாக உட்கார்ந்து சோற்று டப்பாவைத் திறக்கும்போது, யாரும் யாரையும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. நாலு நெற்றியும் ஒன்று, நாலு தலையும் ஒன்று. இப்படி ஓர் இடம் சுகாசினிக்கு வேறு எங்கும் இல்லை.

இன்று கடைசிக் குழாய்க்கு மூடி எடுக்க ஜீப்புக்கு வந்த சுகாசினி, மூன்று பேரும் பொட்டு வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். காலையில் பெரிய காஞ்சிபுரத்தில் வாங்கி ஒளித்து வைத்திருந்த நாலு முழம் மல்லியைத் துளசி பிரித்திருந்தாள். மரம் நூறு அடி தள்ளி இருந்ததால் கமலவேணியும் ஒன்றும் சொல்லாமல் தன் பங்கைச் சூடிக்கொண்டாள்.

“மூணு மாசமா ஒன்ன பூவோட பாக்கவே இல்லபா. வெச்சிக்கோ, போட்டோ எடுக்கலாம்,” என்று நாலாவது முழத்தைச் சுகாசினியின் கையில் திணித்தாள் துளசி.

“குழாய மூடிட்டு வந்து வெச்சிக்கிறேன்.”

பூவோடு மரத்தடிக்குப் போனாள். பூ ஈரமாக, சில்லென்று இருந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் நாலு நிமிடம்.

பைக்குள் காற்று நுழையும் வாயருகே பூவைக் கொண்டுபோய்ப் பிடித்தாள். நாலு நிமிடமும் பிடித்துக்கொண்டே நின்றாள்.

“அக்கா, பூ கையில இருந்தத மறந்துட்டேன். வாசன உள்ள போயிடுச்சி,” என்று கமலவேணியிடம் வந்து சொன்னாள்.

ஒரு குழாய் கெட்டால் அந்தச் சுற்றின் ஏழு நாளும் செல்லாது. மறுபடி ஏழு நாள் அளக்க வேண்டும்.

கமலவேணியின் கோபம் துளசி மேல் பாய்ந்தது. “வெண்ண தெரண்டு வர்ற நேரத்துல தாழிய ஒடச்சிட்டியே! பூவ எடுங்க எல்லாரும். வெயில் இருக்குது, இப்பவே மொதல் நாள ஆரம்பிச்சிடலாம்.”

துளசி அழுதாள். தன் தப்புதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சுகாசினி புதுக் குழாய் ஒன்றை எடுத்தாள். பாவி, பாவி என்று உள்ளுக்குள் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும், இன்னும் ஏழு நாள் என்பது நெஞ்சில் இனிக்கத்தான் செய்தது.

மூன்று பேரும் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினார்கள். தலையிலிருந்து பூவைக் கழற்றினார்கள்.

போன ஆவணியில், பதினாறாம் நாள் காரியத்தன்று, சுகாசினியின் தலை நிறையப் பூ வைத்து எடுத்தவர்களும் மூன்று பேர்தான்.

அன்று எடுத்தது அவள் ஒருத்தியின் பூவை மட்டும்.